சொல்லால் பல்லை அளந்த கதை

"பல்லுப் போனால் சொல்லுப் போச்சு" என்னும் பழமொழியை நாம் பெரும்பாலும் வேடிக்கையாகவே சொல்லி வருகிறோம். பொக்கை வாய்ப் பேச்சைக் கேட்டு நகைக்கும் பேரப்பிள்ளைகளும், தம் வாயைத் தாமே நொந்துகொள்ளும் பாட்டன் பாட்டிமாரும் இதைச் சொல்வதுண்டு. பல், சொல் என்ற எதுகைக்காகப் பிறந்த தொடர் என்று எண்ணிக் கடந்துபோய்விடுகிறோம். ஆனால் தமிழ் மரபில் இவ்விரண்டுக்கும் இடையே விழுந்திருக்கும் முடிச்சு எதுகையினும் ஆழமானது.

ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும் பல்லுக்கு உறுதி என்று சொல்லும் மற்றொரு பழமொழி, அதே மூச்சில் நாலடியாரையும் திருக்குறளையும் சொல்லுக்கு உறுதி என்கிறது. அந்த நாலடியாரைத் திறந்தால், இளமை நிலையாமை அதிகாரத்தில் முதுமையைப் பேசும் வெண்பா ஒன்று, சொல் தளர்வதையும் கோல் ஊன்றுவதையும் பல் கழல்வதையும் ஒரே வரிசையில் வைத்துக் காட்டுகிறது. புறநானூற்றின் 243ஆம் பாடலில் வரும் முதியவர் இளமையில் ஆழ்ந்த மடுவில் குதித்து அடி மணலை அள்ளி வந்தவர். இப்போதோ தடியூன்றி, இருமலுக்கு நடுவே சில சொற்களை மட்டுமே பேசக்கூடியவர். உடல் வலிமை போனதற்கு ஈடாகப் பேச்சுப் போனதையும் நம் புலவர்கள் கருதியிருக்கிறார்கள்.

பல் போனால் சொல் போகும் என்பது இருக்கட்டும். மறுதலையாக, சொல்லைக் கொண்டு பல்லை அளக்க இயலுமா? இயலும் என்று சென்ற நூற்றாண்டின் நடுவில் மேலைநாட்டுப் பல்மருத்துவர் சிலர் காட்டினர். பற்கள் அனைத்தையும் இழந்த ஒருவருக்குக் கட்டுப்பல் வைக்கும்போது மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருக்க வேண்டும் என்பதை, அவர் பேசும் ஒலியைக் கேட்டே முடிவு செய்யும் முறை அது. இன்று உலகெங்கும் பல்மருத்துவ மாணவர்கள் அதைக் கற்கிறார்கள். நம் ஊர்க் கல்லூரிகளிலும் கற்கிறார்கள். ஆனால் அந்த அளவுகோல் ஆங்கிலம் பேசும் வாய்க்காகச் செய்யப்பட்டது. தமிழ் பேசும் வாயில் அதை அப்படியே வைத்தால் என்ன ஆகும் என்பதே நாம் இங்கே எண்ணிப் பார்க்க விரும்புவது.

*

தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயல் பிறப்பியல். உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு என்னும் மூன்றிடத்தில் நிலைகொண்டு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் ஐந்தின் தொழிலையும் பெற்று எழுத்தொலியாகிறது என்று அது தொடங்குகிறது. இவ்வாறு எட்டு இடங்களைச் சொல்லும் மரபு வடமொழிச் சிட்சை நூல்களிலும் உண்டு. இரு மரபுகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்தவர்களில் பி. சா. சுப்பிரமணிய சாஸ்திரியார் முதன்மையானவர்.

வகுப்பில் இவ்வியலை நடத்தும்போது நாம் வழக்கமாக நாவின் மீதே கவனம் வைக்கிறோம். பல்லின் மீது கண் வைத்து ஒருமுறை படித்தால் அது வேறொரு நூலாகத் தெரிகிறது. மேல்வாய்ப் பல்லுக்குத் தொல்காப்பியர் ஆளும் சொல் அண்பல். இ, ஈ, எ, ஏ, ஐ ஆகிய உயிர்கள் பிறக்க நாவின் விளிம்பு அண்பல்லைப் பொருந்த வேண்டும். தகரமும் நகரமும் பிறக்க நாநுனி பரந்து அண்பல்லின் அடியைத் தொட வேண்டும். லகரத்துக்கும் ளகரத்துக்கும் நாவிளிம்பு தடித்து அதே இடத்துக்கு வர வேண்டும். வகரத்துக்குப் பல்லும் இதழும் கூட வேண்டும். எண்ணிப் பார்த்தால், முப்பது முதலெழுத்துகளில் பத்து எழுத்துகளுக்குப் பல்லின் துணை கூறப்பட்டிருக்கிறது.

இவையன்றி ச, ஞ, ட, ண, ற, ன, ர, ழ ஆகிய எட்டு மெய்களும் நாவானது அண்ணத்தை ஒற்றியோ வருடியோ பிறப்பவை. முழுக் கட்டுப்பல்லின் மேல்தகடு அந்த அண்ணத்தைத்தான் மூடிக்கொண்டு அமர்கிறது. ஆகவே பல்செட்டு வைத்துக்கொள்ளும் ஒரு தமிழர், சோறு மெல்லும் கருவி ஒன்றை மட்டும் வாய்க்குள் ஏற்கவில்லை. தம் மொழியின் எழுத்துகளில் பாதிக்கு மேல் பிறக்கும் இடங்களையும் மாற்றியமைத்துக் கொள்கிறார்.

இலக்கண ஆசிரியர் ஒலி பிறக்கும் இடத்தைச் சொன்னார். வாய் திறத்தலாகிய அங்காத்தலையும் சொன்னார். தாடைகளுக்கு இடையேயுள்ள தொலைவை அளந்து சொல்லும் தேவை அவருக்கு இருக்கவில்லை. பல்லுள்ள வாயில் அத்தொலைவு தானே அமைந்துவிடுகிறது. பல்லில்லாத வாய்க்குப் பல் கட்டுபவருக்குத்தான் அது சிக்கலாகிறது.

*

பல் இருக்கும்வரை, வாயை மூடிக் கடித்தால் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் முட்டி ஓரிடத்தில் நிற்கும். தாடையின் எல்லை அது. எல்லாப் பல்லும் விழுந்தபின் நிலையில்லாத கதவுபோல் கீழ்த்தாடை மேலே ஏறிக்கொண்டே போகும். முகவாய் மூக்கை நெருங்கும், கன்னம் குழியும். பல் கட்டுபவர் இழந்துபோன அந்த எல்லையைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஈறுகளின் மேல் மெழுகால் வளைவு கட்டி, அதன் உயரத்தைச் சிறிது கூட்டியும் குறைத்தும் பார்த்தே இதைச் செய்கிறார்.

உயரம் கூடிப்போனால் வாய் எப்போதும் நிறைந்திருப்பது போலிருக்கும், தசைகள் வலிக்கும், ஈறு புண்ணாகும், பேசும்போது பல்லோடு பல் மோதி டக்டக்கென்று ஒலிக்கும். குறைந்துபோனால் முகம் சுருங்கிக் கிழத்தன்மை மிகும்; கடைவாய் வெடித்துப் புண்ணாகும்; மெல்லும் வலு குறையும். இங்கே தவறுவது இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். ஆனால் அதைப் பொறுக்க முடியாமல் பல்செட்டைக் கழற்றித் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுவிட்டு, விருந்தாளி வரும்போது மட்டும் மாட்டிக்கொள்ளும் பெரியவர்களை நாம் எல்லாரும் அறிவோம்.

கட்டுப்பல்லின் பொருள்கள் காலத்துக்குக் காலம் மாறின. தந்தத்தில் செதுக்கிய காலம் போய், 1850களில் கெட்டியாக்கிய ரப்பர் வந்தது. 1930களின் பிற்பகுதியில் அக்ரிலிக் வந்தது. பொருள் மேம்பட்ட அளவுக்குத் தாடை இடைவெளியை அளக்கும் கலை மேம்படவில்லை. கண்ணுக்கும் வாய்க்கும் இடையேயுள்ள தொலைவை மூக்குக்கும் முகவாய்க்கும் இடையேயுள்ள தொலைவோடு ஒப்பிடும் முறை ஒன்று இருந்தது. எல்லார் முகமும் ஒரே விகிதத்தில் அமைவதில்லை என்பதால் அது ஓரளவுக்கே உதவியது.

1934இல் நிஸ்வாங்கர் என்னும் அமெரிக்கர் வேறொரு வழியை வலியுறுத்தினார். பேசாமல், மெல்லாமல், விழுங்காமல் இருக்கும்போது மனிதருடைய தாடை தளர்ந்து சற்றே இறங்கி ஓய்வு கொள்கிறது. அந்நிலையில் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் தொடுவதில்லை. பொதுவாக 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். மூக்கு நுனியிலும் முகவாயிலும் புள்ளி வைத்து, ஓய்வுநிலைத் தொலைவை அளந்து, அதிலிருந்து இந்த இடைவெளியைக் கழித்தால் பல் முட்டி நிற்க வேண்டிய உயரம் கிடைக்கும். 1946இல் தாம்ப்சன் என்பவர் எக்ஸ்ரே படங்களைக் கொண்டு, இந்த ஓய்வுநிலை ஒருவர் வாழ்நாளில் மாறாதது என்று வாதிட்டார். பின்வந்த ஆய்வாளர்கள் அதை மறுத்தனர். பல் இழப்பாலும் வயதாலும் உடல் நிலையாலும் ஓய்வுநிலையும் இடம் மாறுகிறது என்று கண்டனர்.

இதில் நடைமுறைத் தொல்லை ஒன்றும் உண்டு. "தாடையைத் தளர்த்தி உட்காருங்கள்" என்று சொன்ன உடனேயே தாடை இறுகிவிடும். மருத்துவர் நாற்காலியில் சாய்ந்து, வாயில் மெழுகை வைத்துக்கொண்டு, ஒருவரைத் தளர்ந்திருக்கச் சொல்வது தூங்கு தூங்கு என்று அதட்டுவதை ஒத்தது.

*

மெயர் சில்வர்மன் என்னும் அமெரிக்கப் பல்மருத்துவர் 1950களின் தொடக்கத்தில் எழுதிய கட்டுரைகளில் இத்தொல்லைக்கு மாற்று வழி காட்டினார். 1953இல் வெளிவந்த கட்டுரையின் தலைப்பிலேயே அதைப் பேச்சு முறை என்று குறித்தார். அவருடைய எண்ணம் எளிமையானது. ஓய்வு கொள்ளும்போது நாம் நம்மைக் கவனிக்கிறோம். பேசும்போது சொல்ல வந்ததைக் கவனிக்கிறோம். குழந்தைப் பருவம் முதல் லட்சக்கணக்கான முறை பழகிய அசைவு ஆதலால், பேச்சில் தாடை தன் இடத்தைத் தானே கண்டுகொள்கிறது.

எல்லா ஒலியும் இதற்குப் பயன்படாது. பேச்சொலிகளில் தாடைகளை மிக நெருங்க வைப்பது சீறி வரும் ஸகர ஒலி. நாவின் நடுவில் மெல்லிய பள்ளம் விழ, அதன் வழியே ஓடிவரும் காற்று முன்பற்களின் விளிம்பில் மோதிச் சீறலாகிறது. அதற்காகக் கீழ்ப்பல் மேற்பல்லை உரசுமளவு நெருங்குகிறது; ஆனால் தொடுவதில்லை. தொட்டால் காற்று அடைபடும். அதிகம் விலகினால் சீறல் சிதறும். அந்தச் சிற்றிடைவெளிக்குச் சில்வர்மன் தந்த பெயரைத் தமிழில் பேச்சின் மிகநெருங்கிய இடைவெளி என்று சொல்லலாம். பாடநூல்கள் அதைச் சராசரியாக 1 முதல் 2 மில்லிமீட்டர் என்கின்றன. ஆளுக்கு ஆள் அது பெரிதும் வேறுபடும் என்பதும், சராசரியைத் திணிக்காமல் அவரவர் இடைவெளியை அவரவருக்குத் திருப்பித் தர வேண்டும் என்பதும் சில்வர்மன் வற்புறுத்தியவை.

அவர் செய்துகாட்டிய முறை இது. பல் இருக்கும்போதே ஒருவரைக் கடிக்கச் சொல்லி, மேற்பல்லின் விளிம்பு கீழ் முன்பல்லில் விழும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. பிறகு 'யெஸ்' என்று சொல்லி இறுதி ஒலியை நீட்டச் சொல்லி, அப்போது மேற்பல் விளிம்பு நிற்கும் இடத்தில் இன்னொரு கோடு. இரு கோடுகளுக்கும் இடையேயுள்ள தொலைவைக் குறித்து வைத்துக்கொண்டால், பல்லெல்லாம் போனபின் கட்டும் செட்டிலும் அதே இடைவெளியை மீட்கலாம். மருத்துவக் குறிப்பேட்டில் ஒருவருடைய பேச்சொலி எண்ணாகப் பதிவாயிற்று.

இவ்வழியில் தொடர்ந்தவர்களில் ஏர்ல் பவுண்ட் குறிப்பிடத்தக்கவர். 1977இல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பு, ஸகரமே உனக்கு வழிகாட்டட்டும் என்று பொருள்படுவது. முன்பற்களை எங்கே நிறுத்துவது, தாடையை எவ்வளவு திறப்பது என்னும் இரு கேள்விகளுக்கும் அவர் பேச்சொலியிடமே விடை கேட்டார். பேச்சு முறை ஒன்றே போதும் என்று இன்று எவரும் சொல்வதில்லை. ஓய்வுநிலை, முகத்தோற்றம், விழுங்குதல், பழைய புகைப்படம் ஆகியவற்றோடு சேர்த்துச் சரிபார்க்கும் சான்றுகளில் ஒன்றாக அது நிலைபெற்றிருக்கிறது.

ஒருமுறை அளந்ததோடு வேலை முடிவதுமில்லை. பல் போன தாடையெலும்பு ஆண்டுதோறும் தேய்கிறது. பின்லாந்தின் ஆன்யே தால்கிரன் 25 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1972இல் வெளியிட்ட ஆய்வில், முன்புறத்தில் கீழ்த்தாடை வரம்பு மேல்தாடையைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு தேய்வதைக் காட்டினார். நேற்றுச் சரியாகப் பேசிய பல்செட்டு சில ஆண்டுகளில் தளர்ந்து குளறுவது அதனால்தான்.

*

பல்மருத்துவம் மொழியியலிடமிருந்து இவ்வாறு கடன் வாங்கியதற்கு முன்பே, மொழியியல் பல்மருத்துவத்திடம் கடன் வாங்கியிருந்தது. நா அண்ணத்தில் எங்கே படுகிறது என்பதை வெளியிலிருந்து காண இயலாது. 1870களின் தொடக்கத்தில் ஓக்லி கோல்ஸ் என்னும் ஆங்கிலேயப் பல்மருத்துவர், மாவும் பிசினும் கலந்து அண்ணத்தில் பூசிக்கொண்டு ஓர் ஒலியைச் சொல்லி, பூச்சு அழிந்த இடத்தைக் கண்ணாடியில் பார்த்துப் படம் வரைந்தார். அடுத்துவந்த ஆண்டுகளில் நார்மன் கிங்ஸ்லி என்னும் அமெரிக்கப் பல்மருத்துவர் ரப்பரால் மெல்லிய செயற்கை அண்ணம் செய்து, அதில் நா பட்ட தடத்தைப் பார்த்தார். அண்ணத்தடம் எடுக்கும் முறை ஒலியியலுக்கு வந்தது இப்படித்தான்.

அந்தக் கயிற்றின் மறுமுனை நம் ழகரம் வரை வருகிறது. 1999இல் ஸ்ரீகாந்த் நாராயணன், டேனி பேர்ட், அபிகேல் கான் ஆகிய மூவரும் தமிழின் ர, ற, ல, ள, ழ ஆகிய ஐந்து ஒலிகளையும் கருவிகள் கொண்டு ஆராய்ந்த கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். காந்த அதிர்வுப் படம், நாவின் அசைவைப் பின்தொடரும் கருவி ஆகியவற்றோடு, அண்ணத்தடம் எடுக்கும் முறையும் அதில் பயன்பட்டது. நாநுனியை உயர்த்தி அண்ணத்தை வருடுவது என்று பிறப்பியல் சொன்னதை அளந்து பார்க்கப் பல்மருத்துவர் தொடங்கிவைத்த முறை துணைநின்றிருக்கிறது.

*

இனி நம் ஊருக்கு வருவோம். இந்தியாவின் முதல் பல்மருத்துவக் கல்லூரி 1920இல் கல்கத்தாவில் தோன்றியது. பல்மருத்துவர் சட்டம் 1948இல் வந்தது. சென்னையில் 1953இல் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கியதே இன்றைய அரசு பல்மருத்துவக் கல்லூரி. பாடநூல்கள் ஆங்கிலத்தில் வந்தன. நூல்களோடு சோதனைச் சொற்களும் வந்தன. ஸகரத்துக்கு 'சிக்ஸ்டி சிக்ஸ்', 'மிஸிஸிப்பி', மேற்பல் விளிம்புக்கு 'ஃபிஃப்டி ஃபைவ்', ஓய்வுநிலைக்கு 'எம்மா'.

சிக்ஸ்டி சிக்ஸ் என்பதைத் தமிழாக்கினால் அறுபத்தாறு. சொல் சரியாகத்தான் பெயர்ந்திருக்கிறது. ஆனால் அதில் ஸகரமே இல்லை. ஒன்று முதல் ஆயிரம் வரை தமிழில் எண்ணிப் பார்த்தாலும் ஸகர ஒலி கிடைக்காது. ஐந்தைப் பேச்சில் அஞ்சு என்னும்போது வரும் ஒலியும் மெல்லினத்தை அடுத்துக் குழைந்த ஜகர ஒலிதான். நோயாளியை அறுபதிலிருந்து எழுபது வரை எண்ணச் சொல்லித் தாடையைக் கவனிக்கும் ஆங்கில உத்தி தமிழில் முற்றிலும் விழலுக்கு இறைத்த நீர்.

சில்வர்மன் எடுத்துக்கொண்ட 'யெஸ்' இன்னும் சுவையானது. ஆங்கிலத்தில் இசைவு தெரிவிக்கும் அச்சொல் ஸகரத்தில் முடிந்து தாடைகளை நெருங்க வைக்கிறது. தமிழில் இசைவு தெரிவிக்கும் 'ஆமாம்' மகரத்தில் முடிந்து இதழை மூடித் தாடையைத் தளர விடுகிறது. மிகநெருங்கிய இடைவெளிக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல்லின் பொருளுடைய நம் சொல், ஓய்வுநிலையை அளக்கவே ஏற்றது. எம்மாவுக்கு ஈடாக நம்மிடம் அம்மா இருப்பதால் அந்தச் சோதனை மட்டும் இடறின்றி நடந்துவிடுகிறது.

பள்ளிக்கூடம் போகாத ஒரு மூதாட்டியை மிஸிஸிப்பி என்று சொல்லச் சொன்னால், அவர் பழகாத சொல்லைத் தயங்கித் தயங்கி உருவாக்குவார். பழக்கத்தால் தானே இயங்கும் அசைவு என்பதுதான் பேச்சு முறையின் அடிப்படை. பழகாத சொல்லில் அந்த அடிப்படையே இல்லாமல் போகிறது.

தமிழில் ஸகரம் இல்லையா என்று ஒருவர் கேட்கலாம். எழுத்து இல்லாமை வேறு, ஒலி இல்லாமை வேறு. படூரிலிருந்து தெற்கே கேளம்பாக்கம், திருப்போரூர் கடந்து மாமல்லபுரம் சென்றால், தர்மராஜ ரதத்திலும் கணேச ரதத்திலும் பல்லவர் வெட்டிய வடமொழிச் சாசனங்களைக் கிரந்த எழுத்தில் காணலாம். அருகேயுள்ள சாளுவன்குப்பத்து அதிரணசண்டக் குகையில் ஒரே சாசனம் கிரந்தத்திலும் நாகரியிலும் இருக்கிறது. ஸகரத்துக்கென்று தனி எழுத்து அந்த வரிசைக்கு உரியது. தமிழ் நெடுங்கணக்கு அதைத் தன் எழுத்தாகக் கொள்ளவில்லை. ஆயினும் தமிழர் பேச்சில் அவ்வொலி நாள்தோறும் ஒலிக்கிறது. ஒரே சகரம் பச்சையில் ஒருவிதமாகவும், மஞ்சளில் ஒருவிதமாகவும், பசியில் ஒருவிதமாகவும் ஒலிப்பதை நாம் அறிவோம். சொல் முதலில் வரும் சகரம் சிலர் வாயில் ஸகரமாகவும் சிலர் வாயில் வல்லொலியாகவும் வருகிறது. இரண்டு உயிருக்கு நடுவே தனித்து வரும் சகரமே பெரும்பாலும் எல்லார் வாயிலும் ஸகரம். பசி, காசு, ஊசி, அரிசி, மாசி என்பன அதற்கு ஏற்ற சொற்கள்.

மற்ற ஒலிகளிலும் இதே கவனம் வேண்டும். ஆங்கிலத்தின் 'திஸ்', 'தட்' ஆகியவற்றில் நாநுனி பற்களுக்கு நடுவே வெளியே எட்டிப் பார்க்கும். எவ்வளவு தெரிகிறது என்பதைக் கொண்டு முன்பல்லின் இடத்தை மருத்துவர் மதிப்பிடுகிறார். நம் தகரம் பல்லுக்குப் பின்னாலேயே நின்றுவிடுவது. அதே அளவை இங்கே பயன்படுத்தினால் சரியாக நிற்கும் பல்லையும் தவறென்று நகர்த்த நேரலாம். மேற்பல் விளிம்பைச் சோதிக்க 'காஃபி' சொல்லச் சொன்னால் நம் பெரியவர்களில் பலர் காப்பி என்பார்கள். பல் இதழைத் தொடவே தொடாது. வகரம் உதவும், ஆனால் இன்றைய பேச்சில் அதுவும் பல்லை மெல்லத்தான் தீண்டுகிறது. இன்னொரு பக்கம், ஆங்கிலப் பட்டியல்கள் கேட்காத கேள்விகள் தமிழுக்கு உண்டு. தகரம் பல்லடியிலும் றகரம் அதற்குப் பின்னும் டகரம் இன்னும் பின்னும் பிறப்பதால், மேல்தகட்டின் தடிப்பு சிறிது பிசகினாலும் பனியும் பணியும், வலியும் வழியும் ஒன்றோடொன்று கலந்துபோகும்.

*

இன்றைய படூர், தகவல் தொழில்நுட்ப வளாகங்களும் அடுக்குமாடிகளும் சூழ்ந்த சாலையோர ஊர். மண்ணின் பழைய குடிகளோடு, பிள்ளைகளின் வேலையை ஒட்டி நெல்லையிலிருந்தும் மதுரையிலிருந்தும் கொங்கிலிருந்தும் வந்து சேர்ந்த பெற்றோரும் இப்பகுதியில் வாழ்கிறார்கள். 2019இல் தனியே அமைந்த செங்கல்பட்டு மாவட்டத்தில் கேளம்பாக்கம், காட்டாங்கொளத்தூர், செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கங்களில் பல்மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. முழுப் பல்செட்டுக் கட்டுவது அங்கே மாணவர் பயிற்சியின் ஒரு பகுதி. வேறு வேறு வட்டார வழக்குகளைப் பேசும் முதிய வாய்களும், அவற்றை அளக்கப் பழகும் இளைய கைகளும் இவ்வளவு நெருங்கி இருக்கும் இடங்கள் அரிது. வட்டார வழக்கைக் கேட்டுப் பழகிய தமிழாசிரியருக்கு இங்கே வேலை இருக்கிறது.

மருத்துவத்தைத் தமிழ் வாய்க்கு ஏற்ப அமைப்பது புதிய கனவும் அன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் 1860களில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்று நூல்களைத் தமிழாக்கினார். அவருக்கு முன்னிருந்த வேலையோடு ஒப்பிட்டால், நாம் இங்கே கேட்பது ஒரு பக்கத்துக்குள் அடங்கும் சொற்பட்டியல்தான்.

அப்பட்டியல் எப்படி இருக்கலாம் என்பதற்கு ஒரு வரைவை முன்வைக்கிறோம். ஓய்வுநிலைக்கு அம்மா, மாமா, ஆமாம். மிகநெருங்கிய இடைவெளிக்கு ஊசி, அரிசி, பசி, காசு. பல்லும் இதழும் கூடுமிடத்துக்கு வேலி, அவல், வாசல். இவற்றுள் வாசல் வகரத்தையும் ஸகரத்தையும் ஒருங்கே தருகிறது. முன்பல்லின் பின்புறத்துக்கு அது, இது, பத்து, பந்து. தகரமும் ஸகரமும் சேர்ந்து வரத் தோசையைவிட நல்ல சொல் கிடைப்பது கடினம். மேல்தகட்டின் தடிப்புக்குப் பட்டணம், காற்று, கிணறு, வாழைப்பழம், வெள்ளம். எண்ணச் சொல்வதற்கு மாற்றாகச் சித்திரை முதல் பங்குனி வரை மாதங்களைச் சொல்லச் சொல்லலாம்; வைகாசியிலும் மாசியிலும் தாடை தானே நெருங்கிக் காட்டும். எந்தச் சொல்லும் ஒருவர் நாள்தோறும் வாயில் புழங்குவதாக இருக்க வேண்டும் என்பதே முதல் விதி. ழகரத்தை ளகரமாகவே வாழ்நாளெல்லாம் ஒலித்தவரிடம் பல்செட்டு வைத்தபின் ழகரம் எதிர்பார்ப்பது முறையாகாது. அவருக்குத் திருப்பித் தர வேண்டியது அவருடைய பேச்சையே. மருத்துவர்கள் இதைச் சோதித்துத் திருத்த வேண்டும். அளந்து பார்க்காத வரைவை அளவுகோல் என்று நாம் சொல்லிவிட முடியாது.

சில்வர்மன் சொன்னவற்றுள் நம் வீடுகள் உடனே கைக்கொள்ளத்தக்க ஒன்றும் உண்டு. பல் இருக்கும்போதே பேச்சைப் பதிந்து வைப்பது. அவர் பென்சில் கோட்டில் பதிந்தார். இன்று எல்லார் கையிலும் பதிவுக் கருவி இருக்கிறது. கடைசிப் பற்களைப் பிடுங்கப் போகும் தாயோ தந்தையோ பேசுவதை, முகம் நேராகத் தெரிய ஐந்து நிமிடம் படமெடுத்து வைத்துக்கொண்டால், பின்னர்ப் பல் கட்டும் மருத்துவருக்கு அது பழைய புகைப்படத்தினும் மிகுந்த துணையாகலாம். எதைப் பேசச் சொல்வது என்று குழம்ப வேண்டியதில்லை. அரிசி என்ன விலை விற்கிறது, தோசைக்கு எப்போது ஊறப்போட்டார்கள் என்று கேட்டாலே போதும். வேண்டிய ஒலியெல்லாம் அதில் வந்துவிடும்.